'தி மிரக்கிள் வொர்க்கர்' (1962): அடிபம்பா, சாப்பாட்டு அறையா?

கறுப்புவெள்ளை ரசிகன்

இந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் நேராக அடிபம்புக்கே போய்விடுகிறார்கள். கையில் தண்ணீர் விழுகிறது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று குழந்தைக்குப் பொறி தட்டுகிறது, நமக்குக் கண் கலங்குகிறது, அதோடு சரி. எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும், எப்போது பார்த்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் படத்தின் உயிர் அங்கே இல்லை என்பதுதான் என் கட்சி. அதற்கு ரொம்ப முன்னாலேயே, கெல்லர் வீட்டுச் சாப்பாட்டு அறையில், கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேர் மல்லுக்கட்டுகிற அந்த ஒன்பது நிமிடத்தில்தான் அது இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1887, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்கிற சின்ன ஊர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் கண்ணும் காதும் போய்விட்ட ஹெலன் கெல்லருக்கு ஏழு வயது ஆகப்போகிறது. பாஸ்டனில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்து முடித்த அன்னி சல்லிவன் அவளுக்கு ஆசிரியையாக வருகிறார். வயது 20. அவருக்கே பார்வை சரியில்லை. வீட்டில் ஹெலன் வைத்ததுதான் சட்டம். சாப்பாட்டு நேரத்தில் மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொருவர் தட்டிலும் கையை விட்டு அள்ளித் தின்கிறாள், பெரியவர்கள் அது நடக்காத மாதிரி பழைய உள்நாட்டுப் போரைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அன்னியின் தட்டுக்கு அந்தக் கை வரும்போது அவர் பிடித்து விலக்குகிறார். மறுபடி வருகிறது, மறுபடி விலக்குகிறார். அப்பா கேப்டன் கெல்லருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, பாவப்பட்ட குழந்தையிடம் கொஞ்சம்கூட இரக்கம் இல்லையா என்று. அன்னி வீட்டுக்காரர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்.

அதற்கப்புறம் பேச்சே கிடையாது. நாற்காலி விழுகிற சத்தம், கரண்டி தரையில் மோதுகிற சத்தம், இரண்டு பேரின் மூச்சிரைப்பு, அவ்வளவுதான். கையில் கரண்டியைத் திணிக்கிறார், அவள் வீசுகிறாள், இன்னொரு கரண்டி, அதையும் வீசுகிறாள். வாயில் வைத்த உணவை முகத்தில் துப்புகிறாள், அன்னி ஜாடித் தண்ணீரை அவள் முகத்தில் வீசுகிறார். கடைசியில் தலை கலைந்து, உடை கசங்கி வெளியே வந்து அம்மா கேட் கெல்லரிடம் சொல்கிற சேதி இதுதான்: அறை நாசமாகிவிட்டது, ஆனால் ஹெலன் தன் தட்டில், கரண்டியால் சாப்பிட்டாள், துண்டை மடித்து வைத்தாள். துண்டை மடித்தாளா என்று அந்த அம்மா தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிற இடத்தில் நான் உடைந்துவிடுவேன்.

அந்த வீட்டில் எல்லாரும் அவளிடம் பாசமாகத்தான் இருந்தார்கள். பாசமாக இருந்தே அவளைக் கைகழுவிவிட்டார்கள். உன்னால் முடியும், அதனால் உன்னை விடமாட்டேன் என்று அவளிடம் கோபப்பட்ட முதல் ஆள் அன்னி. படம் சொல்ல வந்தது அதைத்தான்.

நாடகமேடை

நல்ல இழை. இது மேடையிலிருந்து வந்த படம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வில்லியம் கிப்சன் 1957இல் தொலைக்காட்சி நாடகமாக எழுதினார், 1959இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்து 700 காட்சிகளுக்கு மேல் ஓடியது. மூன்று வடிவங்களையும் இயக்கியவர் ஆர்தர் பென். மேடையில் அன்னியாக நடித்த ஆன் பான்கிராஃப்ட்டும் ஹெலனாக நடித்த பாட்டி டியூக்கும்தான் படத்திலும் நடித்தார்கள். பட நிறுவனம் பெரிய நட்சத்திரத்தைப் போடச் சொல்லியும் பென் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் கையில் கிடைத்த பணமும் குறைந்துபோனது.

நீங்கள் சொல்லும் அந்தச் சண்டை அப்படி வந்ததற்குக் காரணம் இந்தப் பிடிவாதம்தான். இரண்டு பேரும் மேடையில் வாரம் தவறாமல் அடித்துப் புரண்டவர்கள். எந்த நாற்காலி எப்போது விழும், யார் முழங்கை எங்கே வரும் என்று உடம்புக்கே தெரியும். உடைக்குள்ளே மெத்தைத் துணி கட்டிக்கொண்டுதான் நடித்தார்கள், ஆனாலும் காயம் படாமல் இல்லை. படத்துக்காக மூன்று கேமரா வைத்து, பல நாள் எடுத்தார்கள். மேடையில் தூரத்திலிருந்து பார்த்த சண்டையை இங்கே தரையோடு தரையாக, மேசைக்கு அடியில் போய்ப் பார்க்கிறோம். அந்த வருட ஆஸ்கரில் சிறந்த நடிகை பான்கிராஃப்ட், சிறந்த துணை நடிகை டியூக். பென்னுக்கும் பரிந்துரை இருந்தது, கிடைக்கவில்லை, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்காக டேவிட் லீன் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு ஒரு குறை. அன்னியின் பழைய நினைவுகள் வருகிற இடங்கள், புள்ளி புள்ளியாக மங்கிய படம், மேலே எதிரொலிக்கும் குரல்கள், அது கொஞ்சம் அதிகப்படி. பான்கிராஃப்ட்டின் முகமே போதும்.

சிறப்பாசிரியை

படத்தை நானும் விரும்புகிறேன், ஆனால் முதல் பதிவை அப்படியே விட்டுவிட முடியாது. கண் தெரியாத, காதும் கேட்காத பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான். இந்தச் சாப்பாட்டு அறைக் காட்சியைப் பார்த்துவிட்டு "அப்படி அடக்கினால்தான் வழிக்கு வரும்" என்று பெற்றோர்கள் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். அதனால் தயவுசெய்து இதைக் கேளுங்கள்.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குக் கைதான் கண், கைதான் காது, கைதான் வாயும். அந்தக் கையைப் பிடித்து முறுக்கி, நீ இதைச் செய் என்று அழுத்தினால், அவனுக்கு இருக்கிற ஒரே வாசலை அடைத்துவிட்டோம் என்று அர்த்தம். பார்க்கிற குழந்தைக்குப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம், இவன் கையை நீங்கள் பிடித்துவிட்டால் எங்கே போவான்? இன்றைக்கு எங்கள் வேலையில் முதல் பாடமே, உன் கையை அவன் கைக்கு மேலே வைக்காதே, கீழே வை என்பதுதான். அவன் விரல்கள் என் கையின் மேல் உட்கார்ந்திருக்கும், நான் கரண்டியை எடுப்பேன், என் கை என்ன செய்கிறது என்று அவன் கை கவனிக்கும். வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்வான், பல நாள் எடுத்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் எடுக்க மாட்டான்.

அதே மாதிரி, முன்னறிவிப்பு இல்லாமல் அவனைத் தொடவே கூடாது. என்னிடம் வருகிற ஒரு பையனுக்கு என் இடது கை வளையல்தான் என் பெயர். வந்ததும் கையை நீட்டுவேன், தடவி, வளையல் தட்டுப்பட்டதும் தோள் இறங்கும், பயம் போய்விட்டது என்று தெரியும். அப்புறம் ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தால் சாப்பாட்டு நேரம், ஒரு துண்டைக் கொடுத்தால் குளியல். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத குழந்தைதான் உதைக்கும், கடிக்கும். ஹெலன் அந்த மேசையில் உதைத்ததும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றும். செல்லம் கொடுத்ததால் வந்த திமிர் என்று படம் பார்க்கிறது, நான் பயம் என்று பார்க்கிறேன்.

கறுப்புவெள்ளை ரசிகன்

அக்கா, இந்தக் கோணம் ரொம்ப முக்கியம். கை மேலே, கை கீழே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இனி அந்தக் காட்சியைப் பார்ப்பேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். படம் அந்தச் சண்டையை ஒரு முறையாகச் சிபாரிசு செய்கிறதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. துண்டை மடித்த பிறகும் ஒன்றும் மாறவில்லையே. அன்னியே சொல்கிறார், கீழ்ப்படிதல் மட்டும் போதாது, புரியாமல் கீழ்ப்படிவதும் ஒரு குருட்டுத்தனம்தான் என்று. தோட்டத்து வீட்டுக்கு அவளைத் தனியாகக் கொண்டுபோய், இரண்டு வாரம் அவள் கையில் விரல் சைகையால் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த இரண்டு வாரம் முடிந்து சமர்த்தாக வந்த பிள்ளையைப் பார்த்து வீட்டார் திருப்திப்பட்டுவிடுகிறார்கள், அவர் ஒருவர்தான் திருப்திப்படவில்லை. சண்டையைவிட அந்த அதிருப்திதான் அவரை ஆசிரியர் ஆக்குகிறது.

நூலகவாசி

இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கொடுங்கள். அன்னி சல்லிவன் அந்த நாட்களில் பெர்கின்ஸில் தன்னைத் தாய் மாதிரிப் பார்த்துக்கொண்ட விடுதிக் காப்பாளருக்கு எழுதிய கடிதங்கள் ஹெலன் கெல்லரின் 1903 சுயசரிதைப் புத்தகத்தின் பின்பகுதியில் இருக்கின்றன. கிப்சன் நாடகத்தை எழுதியதே அந்தக் கடிதங்களைப் பிடித்துக்கொண்டுதான். சாப்பாட்டுச் சண்டை நிஜமாக நடந்தது, வீட்டார் மனம் கலங்கி அறையை விட்டுப் போய்விட்டார்கள். ஹெலன் அன்னி உட்கார்ந்திருந்த நாற்காலியை உருவப் பார்த்ததும், கிள்ளியதும், கிள்ளும்போதெல்லாம் அன்னி அறைந்ததும் கடிதத்திலேயே இருக்கிறது, மறைக்கவில்லை. துண்டை மடிக்க வைக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அதன் பிறகு படத்தில் இல்லாத ஒன்று வருகிறது: ஹெலனை வெயிலுக்கு அனுப்பிவிட்டு, மாடிக்குப் போய்க் கட்டிலில் விழுந்து அன்னி நன்றாக அழுதிருக்கிறார். படத்தில் அவர் அம்மாவிடம் வெற்றிச் செய்தி சொல்கிறார். எனக்கு அந்த அழுகைதான் வேண்டும்.

சிறப்பாசிரியை அக்காவுக்குப் பிடிக்கிற பகுதி அடிபம்புக்குப் பிறகு வருகிறது. 1887 ஏப்ரல் 5ஆம் தேதி தண்ணீர் விஷயம் நடந்தது, அன்றைக்கே பம்பின் பெயரையும் கொடிப் பந்தலின் பெயரையும் கேட்டு, சட்டென்று திரும்பி அன்னியின் பெயரையும் கேட்டிருக்கிறாள். அதற்கு ஐந்து நாள் கழித்து எழுதிய கடிதம்தான் என்னைப் பொறுத்தவரை முழுக் கதையிலும் பெரியது. ஹெலனின் உறவுக்காரக் குழந்தை ஒன்று, பதினைந்து மாசம் இருக்கும், அதை அன்னி கவனித்துக்கொண்டிருக்கிறார். கேட்கிறவற்றை அது எவ்வளவோ புரிந்துகொள்கிறது, ஆனால் யாரும் அதற்குப் பாடம் நடத்தவில்லை, சும்மா பேசிக்கொண்டே இருந்தார்கள். சரி, குழந்தையின் காதில் எப்படிப் பேசுவோமோ அப்படியே ஹெலனின் கையில் பேசப்போகிறேன், முழு வாக்கியமாக, புரிகிறதோ இல்லையோ, என்று முடிவு எடுக்கிறார். குறித்த நேரத்துப் பாடங்களை நிறுத்திவிட்டார். அதற்கு முன் பொம்மை, கோப்பை என்று ஒவ்வொரு சொல்லாகப் போனவர், அதற்குப் பின் நாள் முழுவதும் அந்தக் கையில் பேசிக்கொண்டே இருந்தார். 20 வயதுப் பெண், கூடவே ஆலோசனை கேட்க ஒரு ஆள் கிடையாது, தானே பார்த்து, தானே யோசித்து மாற்றிக்கொண்டது இது. நாடகத்தில் இந்தக் கருத்து ஓர் உரையாடலாக வந்து போகிறது, மேடைக்கு உதையும் கரண்டியும் தேவைப்பட்டன, என்ன செய்வது.

ஒரு காது மட்டும்

எனக்கு ஒரு பக்கம் காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று கருவி வைத்தால் கேட்கும். அந்த இடத்திலிருந்து பேசுகிறேன். படத்தில் எனக்கு உறுத்துவது சண்டை அல்ல. அன்னி வருவதற்கு முன் ஹெலன் ஒரு சின்ன விலங்கு மாதிரிக் காட்டப்படுவதுதான் உறுத்துகிறது. நிஜத்தில் அவளுக்குச் சொந்தமாக சைகைகள் இருந்தன, 60 இருக்கும் என்கிறார்கள். அம்மா வேண்டும் என்றால் ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, ரொட்டி வேண்டும் என்றால் ஒன்று, ஐஸ்கிரீம் வேண்டும் என்றால் குளிரில் நடுங்குவது மாதிரி ஒன்று. அந்தச் சைகைகளைப் புரிந்துகொண்டு அவளோடு விளையாடியவள் மார்த்தா வாஷிங்டன், வீட்டுச் சமையல்காரியின் மகள், கறுப்பினக் குழந்தை. ஹெலனே சுயசரிதையில் அவளைப் பற்றி எழுதியிருக்கிறார். இருட்டுக்குள் முதலில் வந்து பேசியவள் அந்தக் குழந்தைதான் என்று நான் சொல்வேன். கேப்டன் கெல்லர் உள்நாட்டுப் போரில், அடிமைமுறையை விடமாட்டோம் என்று நின்ற தெற்கத்திப் படையில் இருந்தவர், அந்த வீட்டில் மார்த்தாவுக்கு என்ன இடம் என்று யோசித்துப் பாருங்கள். படத்தில் கறுப்பின வேலைக்காரர்கள் ஓரமாக வந்து போகிறார்கள்.

இன்னொன்று. படம் வந்தபோது ஹெலன் கெல்லர் உயிரோடு இருந்தார், 82 வயது ஆகப்போகிறது. அதற்குள் ராட்கிளிஃப் கல்லூரியில் 1904இல் பட்டம் வாங்கி, சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்து, பெண்களின் வாக்குரிமைக்காகவும் போருக்கு எதிராகவும் எழுதி, உலகம் சுற்றி, 1955இல் இந்தியாவுக்கு வந்து நேருவையும் சந்தித்துவிட்டார். ஆனால் உலகத்துக்கு அவர் என்றைக்கும் பம்படியில் நிற்கிற ஏழு வயதுப் பெண். எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒரே ஒரு நல்ல நாள்தான் வாழ்க்கையில் உண்டு, அதுவும் இன்னொருவர் கொடுத்தது என்கிற எண்ணம் பார்க்கிறவர்களுக்கு வந்துவிடுகிறது. இது படத்தின் தவறு என்று சொல்ல மாட்டேன், அது அன்னியின் கதை. ஆனால் ஹெலன் கெல்லர் கதை என்று சொல்லிப் பள்ளியில் இதையே போட்டுக் காட்டுகிறார்கள்.

நாடகமேடை

கடைசியில் சொன்னீர்களே, அது அன்னியின் கதை என்று, அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். படத்தில் அவருக்குத் தூக்கம் கெடுக்கிற ஒரே ஆள் தம்பி ஜிம்மி. நிஜத்திலும் அம்மா இறந்து, அப்பா விட்டுவிட்டுப் போக, 1876இல் அக்காவும் தம்பியும் மாசசூசெட்ஸில் டியூக்ஸ்பரி அரசு ஆதரவற்றோர் விடுதியில் சேர்க்கப்பட்டார்கள், சில மாதத்தில் தம்பி அங்கேயே இறந்துபோனான். விடுதியைப் பார்வையிட வந்த அதிகாரிகளிடம் ஓடிப்போய், எனக்குப் பள்ளிக்கூடம் போகணும் என்று கேட்டுத்தான் அந்தப் பெண் பெர்கின்ஸ் போனார், 14 வயதில், எழுதப் படிக்கத் தெரியாமல். ஆறே வருடத்தில் வகுப்பின் முதல் மாணவியாக வெளியே வந்தார். அந்த விடுதியிலிருந்து தப்பி வந்த ஒருத்திக்கு, நல்ல சாப்பாடும் நல்ல துணியும் கொடுத்து ஒரு பிள்ளையைச் சும்மா வைத்திருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

எல்லாம் படித்தேன். இந்தியில் வந்த 'பிளாக்' (2005) பார்த்துத்தான் எனக்கு இந்தக் கதை தெரியும், அமிதாப் பச்சனும் ராணி முகர்ஜியும். சின்ன வயது மிஷெலாக வந்த ஆயிஷா கபூரை மறக்கவே முடியாது. அது இதிலிருந்து வந்ததுதானா? என் மகள்களுக்கு 9, 12 வயது, எதைக் காட்டலாம்?

கறுப்புவெள்ளை ரசிகன்

'பிளாக்' படத்தின் முதல் பாதியில் சாப்பாட்டு மேசைச் சண்டை, தண்ணீர் எல்லாம் இதன் வழியில்தான் வருகிறது, இரண்டாம் பாதியில் அது வேறு பாதையில் போய், ஆசிரியருக்கு நினைவு மறதி வந்து மாணவி அவருக்குக் கற்றுக்கொடுக்கிறாள். இயக்குநர் பன்சாலிக்கு எல்லாமே பெரிதாக இருக்க வேண்டும், இசை, பனி, அழுகை. ஆனால் பெரியவளாகி, கல்லூரியில் தோற்றுத் தோற்றுப் படிக்கிற ஒரு பெண்ணைக் காட்டியது அந்தப் படம்தான், ஒரு காது நண்பர் கேட்டது அதில் கொஞ்சம் இருக்கிறது. 1962 படத்தை அதற்கப்புறம் பார்த்தால் எவ்வளவு சிக்கனம் என்று தெரியும்.

பாட்டி டியூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையேறியபோது 12 வயது, ஆஸ்கர் வாங்கியபோது 16. அவரை வளர்த்த மேலாளர் தம்பதி, அன்னா மேரி என்கிற பெயரையே மாற்றி, வீட்டிலிருந்து பிரித்து, மதுவும் மாத்திரையும் கொடுத்தார்கள் என்று பிற்காலத்தில் சுயசரிதையில் எழுதினார். எல்லாரும் விடாமல் கவனிக்கிற ஒரு குழந்தையாகத் திரையில் நடித்த பெண்ணை, வெளியே ஒருவரும் கவனிக்கவில்லை. அவரே 1979 தொலைக்காட்சிப் படத்தில் அன்னியாக நடித்தார், எம்மி விருதும் வாங்கினார்.

சிறப்பாசிரியை

அம்மாவுக்கு: 12 வயதுக்காரிக்கு 1962 படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். 9 வயதுக்காரிக்கு விடுதி நினைவுகள் வருகிற இடம் பயமாக இருக்கலாம், பக்கத்தில் உட்காருங்கள். சாப்பாட்டு அறைக் காட்சி முடிந்ததும் நிறுத்தி, ஹெலனுக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

ரசிகன் தம்பிக்கு: அந்த அதிருப்தி என்று சொன்னீர்களே, அதை ஏற்றுக்கொள்கிறேன். என் சண்டை படத்தோடு இல்லை, அதைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளையை அடிக்கிறவர்களோடு.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்த வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கண், காது இரண்டும் சேர்ந்த குறைபாடு பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது, சான்றிதழ் எடுக்கும்போது அதைக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கண்ணுக்குத் தனி, காதுக்குத் தனி என்று இரண்டு டாக்டர்களிடம் அலைந்து, இரண்டையும் சேர்த்து ஒருவரும் பார்க்காமலே வருடங்கள் போய்விடுகின்றன. கர்ப்ப காலத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா என்கிற அம்மை வந்தால் குழந்தைக்கு இரண்டும் போகலாம், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, 2017இல் தொடங்கிய தட்டம்மை ரூபெல்லா ஊசித் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. ஊசிக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள்.

ஒரு காது மட்டும்

பார்க்கப்போகிறவர்கள் வசன எழுத்து உள்ள பிரதியாகத் தேடிப் பாருங்கள். ரசிகன், அடுத்த முறை பார்க்கும்போது அந்த ஒன்பது நிமிடத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன். பான்கிராஃப்ட்டின் முகத்தில் கோபம் எங்கே முடிந்து களைப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெளிவாகத் தெரியும். அப்புறம் இங்கே வந்து எழுதுங்கள், அக்கா சொன்னபடி கை மேலே இருந்ததா கீழே இருந்ததா, கடைசிக் கரண்டியின்போது ஏதாவது மாறியதா என்று.